முக்திநாத் போகும் அப்பா 108 தாரையிலும் முழுகலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "ஐப்பசியில் அப்பா, அம்மாவுடன் நேபாளத்து முக்திநாத் கோயிலுக்குப் போகிறோம். அப்பாவுக்கு 63 வயது, பிறஷருக்குக் குளிசை எடுக்கிறார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறார். இரண்டு பேரும் போன வருடம் சிவனொளிபாதமலை ஏறி இறங்கியவர்கள். அங்கேயும் சமாளிப்பார்களா? அங்கே கொட்டும் 108 தண்ணீர்த் தாரையிலும் முழுகியே தீருவேன் என்று அப்பா நிற்கிறார். குடிதண்ணீருக்கு என்ன செய்வது? பனியை உருக்கிக் குடிக்கலாமா?"

சிவனொளிபாதமலை ஏறியது முழங்காலுக்கு நல்ல சான்று. மூச்சுக்கு அது சான்றாகாது. அந்த மலை 2,243 மீற்றர். நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல 2,524 மீற்றர். ஒட்சிசன் குறைவதால் வரும் உயர மலைநோய் தொடங்குவதே ஏறத்தாழ 2,500 மீற்றருக்கு மேல்தான். ஆகவே இலங்கைக்குள் எங்கே ஏறிப் பார்த்தாலும் உங்கள் உடம்பு உயரத்தைத் தாங்குமா என்று தெரியவராது. முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். நன்றாக ஓடியாடித் திரியும் பிள்ளைகளுக்கும் இந்த மலைநோய் வரும். சொல்லப்போனால் மற்றவர்களை முந்திக்கொண்டு ஏறுபவர்தான் முதலில் படுப்பார்.

எங்கே ஏறுகிறீர்கள் என்பதைவிட எங்கே படுக்கிறீர்கள் என்பதே முக்கியம். பொக்காரா 800 மீற்றர் சொச்சம். அங்கிருந்து காலைப் பிளேனில் போனால் அரை மணித்தியாலத்துக்குள் 2,700 மீற்றரில் உள்ள ஜொம்சொமில் இறங்கிவிடுவீர்கள். அன்றைக்கே ஜீப் பிடித்து முக்திநாத் ஏறி, கோயிலுக்குக் கீழே உள்ள ராணிபௌவாவில் இரவு தங்குவதுதான் பல பயணத் திட்டங்களில் இருக்கும் பிழை. ஜொம்சொமிலோ பக்கத்தில் மார்பாவிலோ இரண்டு இரவு தங்குங்கள். மூன்றாம் நாள் காலையில் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு, இரவுப் படுக்கைக்குக் கீழே இறங்கிவிடுங்கள். ஒரு நாள் கூடுதலாகச் செலவாகும். அதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அப்பாவின் பிறஷர் கட்டுப்பாட்டில் இருந்தால் பயணத்துக்குத் தடையில்லை. குளிசையை ஒரு வேளையும் விடக்கூடாது. நடக்கும்போது நெஞ்சு பிடிக்கிறது என்றாலோ, அண்மையில் மாரடைப்பு வந்திருந்தாலோ இந்தப் பயணம் வேண்டாம். உயரத்துக்கு அசெற்றசோலமைட் என்ற குளிசை இருக்கிறது. 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவது வழக்கம். ஆனால் அதுவும் சிறுநீரைக் கூட்டும் மருந்து. அப்பாவின் பிறஷர் குளிசையும் அதே வகையென்றால் உடம்பில் பொற்றாசியம் இறங்கிவிடும். சல்பா மருந்து ஒத்துவராதவர்களும் கவனம். டொக்டரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் ஊரிலேயே ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். விரல்நுனி விறுவிறுக்கும், சோடா சப்பென்றிருக்கும். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம்.

அம்மாவின் இன்சுலினை சூட்கேசில் வைக்காதீர்கள், உறைந்தால் பயன்படாது. உடம்போடு ஒட்டிய உட்பையில் வையுங்கள். சீனி பார்க்கும் மெசினும் குளிரில் பிழை காட்டும். கைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

தலையிடியோடு ஓங்காளமோ, சத்தியோ, தள்ளாட்டமோ சேர்ந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது. சந்தேகமென்றால் ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல்நுனியில் முட்டவைத்து, நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். சாய்ந்தால், அல்லது சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே கீழே இறக்குங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மெசின் கொண்டுபோவோர் அங்கே 88 என்று காட்டியதும் பதறுவார்கள். அந்த உயரத்தில் அது வழக்கமான அளவு. ஆளைப் பாருங்கள், பிறகு மெசினைப் பாருங்கள்.

இனி முழுக்கு. கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக நிற்கும் 108 தாரையிலும் விழுவது பனி உருகிய தண்ணீர். வாவியில் முழுகிப் பழகிய உடம்பில் அது பட்டவுடன் மூச்சு ஒரு கணம் இழுத்துப் பிடிக்கும், இரத்தக்குழாய் சுருங்கும், பிறஷர் குபீரென்று ஏறும். ஒட்சிசனும் குறைவான இடத்தில், 63 வயதில், ஓடியோடி 108 தாரைக்கும் தலை கொடுப்பது வேண்டாம். ஒவ்வொரு தாரையிலும் கையேந்தித் தலையில் தெளித்தபடி நடக்கலாம், சுற்று முழுமையாகும். ஒரு தாரையிலாவது நனைந்தே ஆகவேண்டுமென்றால் முதலில் கால், பிறகு கை, முகம், கடைசியாகத் தலை. அதுவும் ஒரு கணம். வெயில் ஏறியபின் போங்கள், விடியற்காலையில் கல்தரையில் ஐஸ் படிந்து வழுக்கும். ஆனால் மதியத்துக்குப் பிந்தாதீர்கள், பள்ளத்தாக்கின் காற்று கிளம்பிவிடும். துவாயும் உலர்ந்த உடுப்பும் பிடித்தபடி ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். முதல் வேலை ஈர வேட்டியைக் களைவது, பிறகுதான் படமெடுப்பு. வாசலில் உள்ள இரண்டு குளங்களிலும் அப்பா இறங்கவே வேண்டாம்.

உன்னிச்சைக் குளம் மாரி மழையைப் பிடித்துவைத்துச் சிறுபோகத்துக்குத் திறந்துவிடுவது போலத்தான் முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மலைகளும். மழைமறைவுப் பகுதி அது. மேலே தங்கும் பனி உருகி வாய்க்காலில் இறங்கினால்தான் அங்கே பார்லி விளையும். அந்த நீர் கோவேறு கழுதைகளும் ஆடுகளும் திரியும் சரிவுகளைக் கடந்து வருகிறது. பளிங்குபோல இருந்தாலும் அப்படியே குடிக்கக்கூடாது. அந்த உயரத்தில் தண்ணீர் 88 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், ஆனால் கொதி வந்தபின் 3 நிமிடம் விடுங்கள். குளோரீன் குளிசை என்றால் பைக்கற்றில் போட்டிருக்கும் நேரத்தைக் குளிர் தண்ணீருக்கு இரட்டிப்பாக்குங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் அளவில், பிளேன்டீ, சூப் எல்லாம் சேர்த்து.

பனியை உருக்குவது விடுதி உள்ள இடத்தில் வீண் வேலை. புதிதாக விழுந்த பனி 10 லீற்றர் சட்டி நிறைய அள்ளினால் ஒரு லீற்றர் தண்ணீர்தான் தேறும். அடியில் கொஞ்சம் தண்ணீர் விடாமல் அடுப்பில் வைத்தால் சட்டிதான் கருகும். வாயில் போட்டுச் சப்பவும் வேண்டாம், அதை உருக்க உடம்புச் சூடு செலவாகும்.

ஜக்கெற்றைக் கொழும்பில் வாங்காதீர்கள், பொக்காராவில் வாடகைக்கே கிடைக்கும். பருத்திப் பெனியன் மட்டும் உள்ளே வேண்டாம்: வேர்வையில் நனைந்தால் காயாது. பனி கிடந்தால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். இல்லாவிட்டால் அன்றிரவே கண்ணுக்குள் கடற்கரை மணல் விழுந்ததுபோல உறுத்தும்.

புறப்படும் வாரத்தில் வங்காள விரிகுடா வானிலையையும் பாருங்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்ததும் இதே கடலின் புயல்தான். 2014 ஒக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயல், இரண்டு நாள் கழித்து முக்திநாத்துக்கு மேலே உள்ள தொரோங் கணவாய்ப் பக்கம் பனிப்புயலாகக் கொட்டி, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படியொரு புயல் கிளம்பினால் ஜொம்சொமிலேயே இருந்துவிடுங்கள். பிளேனும் ஓடாது, பாதையும் மண்சரிவில் மூடும். ஆகவே காத்மண்டுவிலிருந்து ஊர் திரும்பும் ரிக்கற்றுக்கு முன்னால் இரண்டு நாளை வெறுமையாக விட்டுப் போடுங்கள்.