ஜி2 போட்டும் ஜீப்ரா ஆடுதா? ஜாயின்ட்டை விடுங்க, பெரிய சர்ஃபேஸை பாருங்க

நெல்லிக்குப்பத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். மெக்கானிக்கல் மூணாவது வருஷம், காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு களிமண்ணுல 1:4 அளவுல ஒரு கார் மாடல் செஞ்சு அதை 3டி ஸ்கேன் எடுத்து ரைனோங்கற 3டி மாடலிங் சாஃப்ட்வேர்ல பானட்டும் ஃபெண்டரும் (முன்சக்கரத்து மேல வர்ற பாகம்) போட்டிருக்கார். "14 பேட்ச் சார், எல்லா ஜாயின்ட்டும் ஜி2ன்னு காட்டுது, ஆனா ஜீப்ரா போட்டா கோடெல்லாம் தண்ணில விழுந்த நிழல் மாதிரி ஆடுது, லேப்டாப் பழசு அதனாலயா, இல்ல ஏலியாஸ் கத்துக்கிட்டா தான் இது வருமா?"

(புதுசா படிக்கறவங்களுக்கு: பேட்ச்னா சர்ஃபேஸோட ஒரு துண்டு. ரெண்டு துண்டு ஜாயின்ட்ல சும்மா தொட்டா ஜி0, திசையும் ஒத்துப்போனா ஜி1, வளைவோட அளவும் ஒத்துப்போனா ஜி2, அந்த வளைவு மாறற வேகமும் ஒத்துப்போனா ஜி3. ஜீப்ரான்னா சர்ஃபேஸ் மேல கறுப்பு வெள்ளை வரி பிரதிபலிக்கற மாதிரி காட்டற சோதனை. ஏலியாஸ், கார் சர்ஃபேஸுக்குன்னே இருக்கற இன்னொரு சாஃப்ட்வேர்.)

தம்பி, நீங்க அனுப்புன படம் பாத்தேன். லேப்டாப் விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். ஸ்க்ரீன்ல தெரியறது சர்ஃபேஸ் இல்ல, அதை வெட்டி வச்ச முக்கோண மெஷ். அது பெருசு பெருசா இருந்தா நல்ல சர்ஃபேஸ் கூட நெளியற மாதிரி காட்டும், அதனால ஜீப்ரா பாக்கறதுக்கு முன்னாடி மெஷ் செட்டிங்கை நைஸா வச்சுட்டு பாருங்க. அப்புறமும் ஆடுச்சுன்னா லேப்டாப் மேல பழி போட முடியாது.

உங்க பானட் பேட்ச்ல கன்ட்ரோல் பாயின்ட் (சர்ஃபேஸை இழுத்து வளைக்கற புள்ளிங்க) ஆன் பண்ண படத்துல ஒரு பக்கம் 22, இன்னொரு பக்கம் 18 வரிசை எண்ணினேன். ஸ்கேனோட 0.05 மில்லிக்குள்ள பொருந்துதுன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. வினையே அதுல தான் இருக்கு. கையால தேச்ச களிமண்ணுல விரல் போன தடம் இருக்கும், ஸ்கேனருக்குன்னு ஒரு நடுக்கம் இருக்கும், 22 வரிசை பாயின்ட் கையில இருக்கறதால அது அத்தனையையும் சர்ஃபேஸ் விசுவாசமா பிடிச்சு வச்சிருக்கு. அந்த ஜீப்ரால ஆடறது உங்க கட்டைவிரல் தம்பி.

கடலூர் முதுநகர் துறைமுகம் பக்கம் படகு கட்டறத பாத்திருப்பீங்க. நீள பலகையை ரெண்டு முனையில பிடிச்சு, நடுவுல ஒண்ணு ரெண்டு இடத்துல தான் அழுத்துவாங்க, மிச்ச வளைவை மரமே எடுத்துக்கும். அதே பலகைக்கு அரை அடிக்கு ஒரு ஆணி வச்சு ஒவ்வொண்ணையும் தனித்தனியா தள்ளினா வளைவா வரும்? சர்ஃபேஸும் அப்படித்தான், பாயின்ட் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லா ஓடும்.

கணக்கு சின்னது தான். ஒரே ஸ்பான் (நடுவுல ஒட்டு இல்லாத ஒரே துண்டு) இருக்கற பெசியர் கர்வ்ல டிகிரியை, அதாவது அதோட சமன்பாட்டோட படியை விட ஒரு பாயின்ட் கூட இருக்கும், டிகிரி 3க்கு 4, 5க்கு 6, 7க்கு 8. முனையில ஜி1 பிடிக்க 2 பாயின்ட் வேணும், ஜி2க்கு 3, ஜி3க்கு 4. ரெண்டு முனையிலயும் ஜி2 வேணும்னா மூணும் மூணும் ஆறு, டிகிரி 5 கச்சிதமா போதும். (இந்த கணக்கை கண்டுபிடிச்ச ரெண்டு பேருமே கார் கம்பெனி ஆளுங்க, அதுவும் ஃபிரெஞ்சுக்காரங்க. சிட்ரோயன்ல பால் த காஸ்தெல்ஜோ 1959லயே போட்டுட்டார், கம்பெனி ரகசியம்னு வெளிய விடல, ரெனோல இருந்த பியேர் பெசியர் வெளியிட்டதால அவர் பேர் நின்னுடுச்சு. பாண்டிச்சேரில உக்காந்து எழுதற நான் இதை சொல்லாம விட முடியுமா.)

இப்ப உங்க 14 பேட்சுக்கு வாங்க. ஜி2ங்கறது ஜாயின்ட்ல மட்டும் தான் பேசும். ஜீப்ரால கோடு விட்டுப்போனா ஜி0, சேர்ந்து ஆனா முழங்கை மாதிரி மடங்கினா ஜி1, வழுக்கிட்டு போனா ஜி2. பேட்சுக்கு நடுவுல என்ன கூத்து நடக்குதுன்னு அது சொல்லவே சொல்லாது. இன்னொண்ணு, ஒரு பேட்ச் விளிம்பை இன்னொண்ணோட மேட்ச் பண்றப்ப ரிஃபைன் மேட்ச்ங்கற டிக் போட்டிருந்தீங்கன்னா டாலரன்ஸ் (எவ்வளவு பிசகலாம்ங்கற அளவு) வரணும்னு அதுவே நாட் (சர்ஃபேஸ் உள்ளயே வர்ற ஒட்டு, அதோட பாயின்ட்டும் கூடும்) சேத்துட்டே போகும், ஒவ்வொரு தடவை "சரி பண்ணப்பவும்" சர்ஃபேஸ் கெட்டுட்டே போயிருக்கும். அந்த டிக்கை எடுத்துடுங்க.

புதுசா ஆரம்பிங்க. பானட் பாதிக்கு ஒரே சர்ஃபேஸ், டிகிரி 5, ரெண்டு பக்கமும் 6 பாயின்ட். ஃபெண்டருக்கும் ஒரே சர்ஃபேஸ், வீல் ஆர்ச் இருக்கற இடத்துல நிறுத்தாதீங்க, ஓட்டையே இல்லாத மாதிரி கீழ வரைக்கும் ஓடவிட்டு அப்புறம் ஓட்டையை வெட்டி ட்ரிம் பண்ணுங்க. ஆர்ச்சை சுத்தி துண்டு துண்டா ஒட்டினதால தான் அங்க அதிகமா ஆடுது. பாயின்ட்டை கையால தான் நகத்தணும், வரிசை வரிசையா, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமா மாறணும், திடீர்னு குதிக்கக்கூடாது. ஸ்கேனோட வித்தியாசம் பாக்கறப்ப, மேல கீழ மேல கீழன்னு மாறி மாறி வந்தா அது தடம், விட்டுடுங்க. ஒரு இடம் முழுக்க ஒரே பக்கமா தள்ளி நின்னா வடிவத்தையே தவறவிட்டிருக்கீங்க, அப்ப மட்டும் பாயின்ட்டை தொடுங்க.

பானட்டோட நடுக்கோடு நிறைய பேர் வழுக்கற இடம். பாதி செஞ்சு மிரர் பண்றோம் இல்லையா, நடுக்கோட்டுல இருக்கற முதல் வரிசையும் அடுத்த வரிசையும் ஒரே உயரத்துல இருக்கணும், ரெண்டையும் சேர்க்கற கோடு மிரர் பிளேனுக்கு நேர் செங்குத்தா நிக்கணும். நின்னா ஜி1 வந்துடும், ரெண்டு பக்கமும் ஒரே வடிவங்கறதால ஜி2 இலவசம். ஆனாலும் கர்வேச்சர் கிராஃப்ல (எங்க எவ்வளவு வளையுதுன்னு காட்டற படம்) நடுவுல கூரை முகடு மாதிரி ஒரு கூம்பு வரும், ஹைலைட்ல மெல்லிசா கோடு தெரியும். மூணாவது நாலாவது வரிசையை நகத்தி அந்த கூம்பை படுக்க வைங்க. எனக்கு முதல் பானட்ல இது பிடிபடவே மூணு நாள் ஆச்சு, திட்டும் கிடைச்சுது.

பானட்டும் ஃபெண்டரும் சேர்ற இடத்துல ஃபில்லெட் கமாண்ட் போட்டிருக்கீங்க, வேண்டாம். ஃபில்லெட்னா வட்டத்தோட ஒரு துண்டு, அதோட வளைவு கிட்டத்தட்ட பூஜ்யத்துலேருந்து ஒரே தாவா தாவும், கிராஃப்ல படிக்கட்டு மாதிரி நிக்கும், அது வெறும் ஜி1. ரெண்டு பெரிய சர்ஃபேஸையும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கற வரைக்கும் நீட்டி, கொஞ்சம் தள்ளி ட்ரிம் பண்ணி, நடுவுல கர்வேச்சர் ப்ளெண்ட் (ரெண்டு பக்கமும் ஜி2வா இணைக்கற சர்ஃபேஸ்) கொடுங்க, அதே ரேடியஸுக்கு இடம் கூட எடுக்கும், எடுக்கட்டும்.

ஒரு சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர்ல ஏதாவது டிங்கரிங் பட்டறைல போய் நில்லுங்க. பட்டி போட்டு தேச்ச கதவுல தண்ணி தெளிச்சு, தலையை சாய்ச்சு, மேல இருக்கற ட்யூப்லைட் கோடு எப்படி ஓடுதுன்னு பாப்பாங்க, அப்புறம் கண்ணை விட்டுட்டு உள்ளங்கையால தடவுவாங்க. ஜீப்ராங்கறது அந்த ட்யூப்லைட் தான்.

ஏலியாஸ் இப்ப வேண்டாம், வேலைக்கு போற கம்பெனி கேட்டா ஏலியாஸோ, அதே மாதிரி இன்னொரு சாஃப்ட்வேரான ஐசெம் சர்ஃபோ அங்க கத்துக்கலாம். பழைய 14 பேட்ச் ஃபைலை அழிச்சிடாதீங்க, லேயர்ல பூட்டி வச்சுக்கோங்க, புது பானட் வந்ததும் ரெண்டுக்கும் ஒரே கோணத்துல ஜீப்ரா படம் எடுத்து அனுப்புங்க, பாக்கறேன்.