தற்செயலாக என்று ஒரு சொல்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக ஒரு சின்னப் பிணக்கு. என் மாமனார் தினமும் சிவபூஜை செய்பவர். குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு வீடியோத் துண்டு போட்டார். அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனின் 'காஸ்மோஸ்' தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்தது. உலக மதங்களில் இந்து மதத்தின் கால அளவுகள் மட்டும்தான் நவீன வானியலோடு ஒத்துப்போகின்றன என்று சேகன் அதில் சொல்கிறார். பத்தாவது படிக்கும் என் மகள் முழுப் பகுதியையும் தேடிப் பார்த்துவிட்டு, "தாத்தா, தற்செயலாத்தான் ஒத்துப்போகுதுன்னு சொல்றார். அந்த வார்த்தையை வெட்டிட்டாங்க" என்று குழுவிலேயே எழுதிவிட்டாள். அன்றிலிருந்து மாமா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம்" என்று என்னிடம் குறைப்படுகிறார்.

சேகன் உண்மையில் என்னதான் சொல்கிறார்? மதம், அறிவியல் இரண்டையும் தொடும் இந்த மாதிரித் தொடர்களை வகுப்பில் போட்டுக் காட்டலாமா? போட்டால் பாதிப் பேர் "நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க" என்கிறார்கள், மீதிப் பேர் "சாமியெல்லாம் சும்மா" என்கிறார்கள். நடுவில் என் பாடம் காணாமல் போய்விடுகிறது.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

முதலில் என் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலருக்கு நடராஜரைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சேகனின் இதே வாசகம் அதில் உண்டு. 'தற்செயலாக' மட்டும் இல்லை. எனக்கு வந்து சேரும்போதே அது வெட்டுப்பட்டுத்தான் வந்தது, மூலத்தைப் பார்க்கச் சோம்பல்பட்டு அப்படியே எழுதினேன். ஆகவே உங்கள் மாமனாரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

'காஸ்மோஸ்' 13 பகுதிகள் கொண்ட தொடர். 1980 செப்டம்பர் 28 அன்று அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கியது. சேகனோடு ஆன் ட்ரூயனும் ஸ்டீவன் சோட்டரும் சேர்ந்து எழுதினார்கள். நீங்கள் கேட்பது பத்தாவது பகுதி. பிரபஞ்சம் என்றைக்கும் விரிந்துகொண்டே போகுமா, இல்லை ஒரு கட்டத்தில் நின்று சுருங்கி மறுபடி பிறக்குமா என்பதுதான் அந்தப் பகுதியின் கேள்வி. 1980இல் அதற்கு விடை கிடையாது. அந்தக் கேள்வியோடுதான் சேகன் தமிழ்நாட்டுக்கு வருகிறார். பொங்கல் கொண்டாட்டம் வருகிறது, பிரம்மாவின் பகலும் இரவும் வருகின்றன, சோழர் காலச் செப்புத்திருமேனி வருகிறது. பிறப்பும் இறப்புமாகச் சுழலும் பிரபஞ்சம் என்ற எண்ணம் ஒரு மதத்துக்குள் எவ்வளவு பழையது என்று சொல்லிவிட்டு, அதன் கால அளவுகள், சந்தேகமில்லாமல் தற்செயலாகத்தான், இன்றைய அறிவியலின் அளவுகளோடு பொருந்துகின்றன என்கிறார். உங்கள் மகள் சொன்னது சரி.

ஆனால் அவளும் அங்கேயே நின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன். அதே காட்சியில் கொஞ்சம் தள்ளி, நடராஜ வடிவத்தைப் பற்றிச் சொல்லும்போது, இந்த ஆழமும் அழகும் கொண்ட உருவங்களை இன்றைய வானியல் எண்ணங்களுக்கு ஒருவித முன்னுணர்வாகக் கற்பனை செய்துகொள்ள எனக்குப் பிடிக்கும் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் வருகிறது. 'கற்பனை செய்துகொள்ளப் பிடிக்கும்' என்பதைக் கவனியுங்கள். அது ஆய்வு முடிவு இல்லை, மனிதருக்கு அந்தச் சிலை பிடித்துவிட்டது. பிடித்ததை மறைக்கவும் இல்லை, பிடித்துவிட்டது என்பதற்காக அதை ஆதாரமாக ஆக்கவும் இல்லை. கொடுத்துவிட்டுப் பிடுங்கினார் என்கிறார் மாமா. எனக்கு அப்படித் தெரியவில்லை. தன்னால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவையும் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கையில் இல்லை என்று விரித்துக் காட்டியிருக்கிறார்.

சரி, எண்ணுக்கு வருவோம், நீங்கள் இயற்பியல் ஆசிரியை வேறு. கலியுகம் 4,32,000 ஆண்டு. துவாபரம் அதன் இருமடங்கு, திரேதம் மும்மடங்கு, கிருதம் நான்மடங்கு. மொத்தம் பத்து மடங்கு, 43,20,000. இதை ஆயிரத்தால் பெருக்கினால் 432 கோடி, அது பிரம்மாவின் ஒரு பகல். இரவையும் சேர்த்தால் 864 கோடி. இது பெருக்கிப் பெருக்கி எட்டிய எண், வானத்தை அளந்து கிடைத்தது அல்ல என்பது பார்த்தாலே தெரிகிறது. பாபிலோனிலும் 4,32,000 உண்டு, பிரளயத்துக்கு முன் ஆண்ட பத்து மன்னர்களின் மொத்த ஆட்சிக்காலமாக, அவ்வூர்ப் பூசாரி பெரோசஸ் எழுதி வைத்த கணக்கில் வருகிறது.

சேகன் அன்று சொன்னது, 864 கோடி என்பது பெருவெடிப்பு நடந்து ஆன காலத்தில் சுமார் பாதி என்று. அப்போது பிரபஞ்சத்தின் வயது 1,000 கோடியா 2,000 கோடியா என்பதிலேயே வானியலாளர்களுக்குள் பெரிய தகராறு. இன்று அது 1,380 கோடி என்று நின்றிருக்கிறது. வகுத்துப் பாருங்கள், பாதி என்பது நூற்றுக்கு 63 ஆகிவிட்டது. போதாக்குறைக்கு 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை அளந்த இரண்டு குழுக்கள், பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டார்கள். சுருங்கி மறுபடி பிறக்கும் பிரபஞ்சம் என்ற கருத்துக்கு அதன்பின் செல்வாக்கு குறைந்துபோனது. இப்போது சிவனுடைய நடனத்தை என்ன செய்வது? அறிவியலோடு முடிச்சுப் போட்டதால்தான் அதற்கு மதிப்பு என்றால், 1998இல் தில்லையில் ஆட்டம் நின்றிருக்க வேண்டும். மாமாவிடம் இதை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அவருடைய பக்திக்கு சேகனின் சான்றிதழ் எதற்கு?

நம் மரபின் பெருமையைப் பேச அவருக்கு ஆசையென்றால் ஆர்யபடரைப் பற்றிச் சொல்லுங்கள். அதே 43,20,000 ஆண்டுக் காலத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கிரகமும் அதற்குள் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று கணக்கிட்டவர். புராணம் சொன்ன 4:3:2:1 பங்கை அவர் ஏற்கவில்லை, நான்கு யுகத்துக்கும் சமமாகத் தலா 10,80,000 என்று பிரித்துவிட்டார். ஸ்மிருதிக்கு விரோதம் என்று பின்னால் பிரம்மகுப்தர் அதைக் கண்டித்தார். பிரம்மகுப்தரும் லேசுப்பட்ட கணித மேதை இல்லை. மதமா கணக்கா என்ற வழக்கு நம் வானியலுக்குள்ளேயே அவ்வளவு பழையது. இதைக் கேட்டால் எனக்கு வரும் பெருமை அந்த வாட்ஸாப் துண்டைப் பார்த்து வருவதில்லை.

சேகனைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்வதாக நினைக்காதீர்கள். அவரும் சறுக்கியிருக்கிறார். பதின்மூன்றாவது பகுதியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரத்து ஹைபேஷியாவின் கதை வருகிறது. கி.பி. 415இல் ஒரு கிறிஸ்தவக் கும்பல் அந்தக் கணித அறிஞரைக் கொன்றது உண்மை. ஆனால் அதை அந்நகரின் பெரும் நூலகத்தின் அழிவோடு சேர்த்து, அறிவின் விளக்கை மதம் ஊதி அணைத்த ஒற்றைக் காட்சியாக ஆக்கிவிட்டார். அந்த நூலகம் அதற்கு வெகுகாலம் முன்பே தேய்ந்துபோயிருந்தது. கொலைக்குப் பின்னால் நகர ஆளுநர் ஒரெஸ்டஸுக்கும் ஆயர் சிரிலுக்கும் இடையே நடந்த அதிகாரப் போட்டி இருந்தது. ஹைபேஷியாவின் மாணவர் சினேசியஸ் பின்னாளில் கிறிஸ்தவ ஆயரே ஆனார், அவர் தம் ஆசிரியைக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. இதெல்லாம் சொன்னால் கதையின் வேகம் குறையும். அதனால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நடராஜருக்கு முன்னால் தவறாமல் வந்த தயக்கம் ஹைபேஷியாவிடம் வரவில்லை. தனக்குப் பிடித்த கதை என்று வரும்போது சேகனும் நம்மைப் போலத்தான்.

தயக்கம் இருந்தால் போதுமா என்றால், அதிலும் போலி உண்டு. பழங்கோயில்களை வேற்றுக்கிரகத்தார் வந்து கட்டினார்கள் என்று வருடக்கணக்கில் ஓடும் தொடர்களைப் பார்த்திருப்பீர்கள். எதையும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். "இருக்கக்கூடுமோ?" என்று ஒரு கேள்வி, பின்னணியில் ஒரு டமார், அப்புறம் விளம்பர இடைவேளை. அடுத்த பத்து நிமிடத்துக்கு அந்த 'இருக்கக்கூடுமோ' மேலேயே மாடி கட்டுவார்கள். அது சந்தேகம் இல்லை, பொறுப்பைக் கழற்றிவிடும் தந்திரம். சேகனின் 'தற்செயலாக'வுக்கு ஒரு விலை இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் காட்சி இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும்.

இன்னொரு தொடரையும் சொல்ல வேண்டும். 1973இல் பிபிசி 2இல் வந்த 'தி அசென்ட் ஆஃப் மேன்', ஜேக்கப் ப்ரொனோவ்ஸ்கி நடத்தியது. அதைத் தயாரித்த அட்ரியன் மலோன்தான் பின்னால் அமெரிக்கா போய் 'காஸ்மோஸ்' தொடரையும் உருவாக்கியவர். ப்ரொனோவ்ஸ்கி போலந்தில் பிறந்த யூதர், கணிதர். போர்க்காலத்தில் குண்டுவீச்சின் விளைவுகளைக் கணக்கிடும் வேலையில் இருந்தவர், 1945இல் நாகசாகியை நேரில் போய்ப் பார்த்தவர். பதினோராவது பகுதியில் ஹைசன்பெர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டை விளக்குகிறார். உங்களுக்கு வகுப்பில் பயன்படும், அருமையான விளக்கம். அது முடிகிற இடம் நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸ். கொல்லப்பட்டவர்களின் சாம்பலைக் கொட்டிய குளம். அவருடைய சொந்தக்காரர்கள் பலரும் அங்கே மாண்டவர்கள். அறிவியல் மனிதரை எண்களாக ஆக்கிவிடும் என்கிறார்களே, இதோ இங்கேதான் மனிதர் எண்களாக ஆனார்கள், அதைச் செய்தது ஆணவமும் பிடிவாத நம்பிக்கையும் என்று பேசிக்கொண்டே கோட்டு சூட்டோடு, காலணியோடு தண்ணீருக்குள் நடக்கிறார். குனிந்து ஒரு கை சேற்றை அள்ளுகிறார். பின்னணி இசைக்கு அங்கே வேலையே இல்லை.

அந்த இடத்தில் அவர் எடுத்துச் சொல்வது ஒரு விஞ்ஞானியின் வாக்கு இல்லை. இங்கிலாந்துப் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல் 1650இல் ஸ்காட்லாந்து திருச்சபைக்கு எழுதிய வரி: கிறிஸ்துவின் பெயரால் மன்றாடுகிறேன், நீங்கள் தவறாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். எழுதியவர் கடும் பக்தர், எழுதப்பட்டதும் பக்தர்களுக்கு. (எழுதி ஒரு மாதத்தில் டன்பார் என்ற ஊரில் ஸ்காட்லாந்துப் படையைப் போரில் நொறுக்கினார் என்பது வேறு விஷயம். தாம் தவறாக இருக்கக்கூடும் என்று கிராம்வெல் எண்ணிப் பார்த்தாரா தெரியவில்லை.)

ஆகவே வகுப்பில் தாராளமாகப் போடுங்கள். ஓங்கி ஒலிக்கும் இசையைப் பற்றியோ விண்கலக் காட்சிகளைப் பற்றியோ கவலைப்படாதீர்கள், பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் முழுத் தொடர் வேண்டாம், ஒரு வகுப்புக்கு ஏழெட்டு நிமிடம் போதும். பத்தாவது பகுதியில் அந்த வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, 864ஐ 1,380ஆல் வகுக்கச் சொல்லுங்கள். சேகன் ஏன் பாதி என்றார் என்று கேளுங்கள். பிரபஞ்சத்தின் வயதை எப்படி அளக்கிறார்கள் என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாமாகவே வந்துவிடுவார்கள். முன்னோர் கட்சி, சாமியில்லாக் கட்சி இரண்டுக்கும் அங்கே ஒரே கணக்குத்தான், பாடமும் காணாமல் போகாது.

வீட்டு விவகாரத்தில் எனக்கு மகள்மேல் ஒரு சின்ன வருத்தம். சரியானதைத்தான் சொன்னாள், ஆனால் முப்பது பேர் இருக்கும் குழுவில் சொல்லியிருக்கிறாள். தாத்தாவின் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். இப்போதும் கெட்டுப்போகவில்லை. அந்த முழுப் பகுதியையும் தாத்தாவும் பேத்தியுமாக உட்கார்ந்து பார்க்கட்டும். அறுபது நிமிடம்தான். பொங்கல் காட்சி வரும்போது மாமாவுக்குச் சொல்ல நிறைய இருக்கும், மகள் கேட்டுக்கொள்ளட்டும்.

என்னுடைய அந்தக் கும்பாபிஷேக மலர் இரண்டு பிரதி பரணில் இருக்கிறது. முகவரி அனுப்பினால் ஒன்றை மாமாவுக்கு அனுப்பிவைக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் விட்டுப்போன சொல்லைப் பேனாவால் எழுதிச் சேர்த்துவிட்டேன்.

அன்புடன்.