மகனுக்குச் சின்னம்மை: என் மாத்திரைகளை நிறுத்திவிடட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. 6 வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறேன். நேற்று என் மகனுக்குச் சின்னம்மை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் சின்ன வயதில் வந்ததா என்று தெரியாது; கேட்க அம்மாவும் இல்லை. இந்த மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்கிறார்களே, உடனே நிறுத்திவிடட்டுமா? பிள்ளையை விட்டு விலகி இருக்க வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, பிரெட்னிசோலோனை நீங்களாக நிறுத்தவே கூடாது. அது ஒரு ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் உள்ளே போகும்போது, உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் குறைத்துக்கொண்டுவிடும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். கிருமி தாக்கும் நேரத்தில் கார்டிசால் இன்னும் அதிகமாகவே தேவைப்படும். மெத்தோட்ரெக்ஸேட் அப்படியல்ல. அடுத்த டோஸுக்கு முன் உங்கள் மூட்டுவாத டாக்டரைக் கேளுங்கள். தள்ளிப்போடச் சொன்னால் பயப்படாதீர்கள், ஒரு வார இடைவெளியில் மூட்டுகள் கெட்டுவிடாது.

ஆனால் அந்த ஃபோனை இன்றைக்கே பண்ணிவிடுங்கள். ‘எனக்குக் கொப்புளம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பதுதான் உங்கள் நிலையில் பெரிய தவறு. வைரஸ் உள்ளே போனபின் கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அந்த அவகாசத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் சின்னம்மைக்கான ஆன்டிபாடி (நோயை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம்) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘வந்த ஞாபகமே இல்லை’ என்பவர்களில் பலருக்கும் அது இருக்கும். இல்லையென்றால் அந்த ஆன்டிபாடியையே வெளியிலிருந்து தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம், தொற்று பட்ட 10 நாளுக்குள். அல்லது தொற்று பட்ட 7ஆம் நாள் வாக்கில் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கச் சொல்வார்கள். எது உங்களுக்கு என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும்.

இந்த நாட்களை எங்கிருந்து எண்ணுவது? மகனுக்கு முதல் கொப்புளம் தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்தே அவனிடமிருந்து பரவத் தொடங்கியிருக்கும். அன்றிலிருந்து எண்ணுங்கள். அதாவது, நோய் என்று தெரியும் முன்பே உங்களுக்குத் தொற்று பட்டாயிற்று. அவனைக் கட்டிப்பிடித்ததையும் பக்கத்தில் படுக்க வைத்ததையும் நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். சின்னம்மை வந்துபோன யாராவது வீட்டில் இருந்தால் அவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை நீங்கள் வேறு அறையில் படுங்கள். யாருமே இல்லையென்றால், முடிந்த அளவு தள்ளி இருந்து நீங்களேதான் பார்த்தாக வேண்டும். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சின்னம்மை தடுப்பூசியை இப்போது போட்டுக்கொள்ளலாமா என்றும் யோசிப்பீர்கள். அது உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசி. இந்த மாத்திரைகளோடு நீங்களாகப் போய்ப் போட்டுக்கொள்ளக் கூடாது.

அடுத்த 3 வாரம் உடம்பைக் கவனியுங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால் தெர்மாமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு கொப்புளம் வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஊசி வழியாக ஏற்றவேண்டி வரலாம். மூச்சு வாங்கினாலோ, கடுமையான வயிற்றுவலி வந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ இரவென்றும் பார்க்காதீர்கள். கிளம்பும் முன் ஃபோனில் ‘சின்னம்மைத் தொற்று பட்டிருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். அங்கே காத்திருக்கும் அறையில் உங்களைப் போலவே இதே மாத்திரை சாப்பிடும் இன்னொருவர் உட்கார்ந்திருக்கக்கூடும்.