பைத்தன்ல தமிழ்ச் சொல் எண்ணினா ஏன் உடையுது?

கேள்வி: வணக்கம் அக்கா, நான் ஏ.எல்.ல ஐ.சி.டி. (கம்பியூட்டர் பாடம்) படிக்கிறேன், சேர் ஒரு பயிற்சி குடுத்தாரு, ஒரு பந்தியில எந்தச் சொல் எத்தனை தடவை வருதுன்னு பைத்தன்ங்கிற புரோகிராம் மொழியில எண்ணி, அதிகமா வந்த பத்துச் சொல்லக் காட்டணும். யூடியூப்ல பாத்து ஆர்ஈ (re) மொடியூல்ல பைண்ட்ஆல் (findall) போட்டு, சொல்லா சேந்திருக்கிற எழுத்தெல்லாம் எடுன்னு சொல்ற பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் (\w+) குடுத்தேன். இங்கிலீஸ் பந்திக்கு சரியா வருது. தேயிலை பத்தி தமிழ்ல அடிச்சதுக்கு மட்டும் த, ய, லன்னு தனித்தனி எழுத்தா கொட்டுது. பைத்தனுக்கு தமிழ் சரிவராதா?
– மாணவி, பொகவந்தலாவை

பதில்: நல்லா சரிவரும் தங்கச்சி. உங்க லொஜிக்கும் சரிதான், சொல்லப் பிரிக்கிற அந்த ஒரு வரியிலதான் கோளாறு. தேயிலைங்கிறது நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, ஆனா நீளத்த எண்ணுற லென் (len) போட்டுப் பாருங்க, 6னு வரும், ஏன்னா கம்பியூட்டர் எழுத்துக்கு நம்பர் குடுக்கிற யூனிகோட்ல த, ய, ல ஒரு பக்கமும் ஏகாரக் கொம்பு, இகர விசிறி, ஐகாரக் குறி இன்னொரு பக்கமுமா தனித்தனியாத்தான் இருக்கு. ஆர்ஈயில நீங்க போட்ட பேக்ஸ்லாஷ் டபிள்யூ இந்தக் குறிகளையும் புள்ளியையும் எழுத்துன்னே கணக்கில எடுக்காது, அதனால குறி வர்ற எடத்துல எல்லாம் சொல்லு முடிஞ்சிருச்சுன்னு வெட்டிடும். இங்கிலீஸுக்கு இந்தச் சிக்கல் வராது, அந்த வீடியோ போட்டவர் தமிழ வச்சு சோதிச்சிருக்க மாட்டாரு.

அந்த பைண்ட்ஆல விட்டுட்டு, இடைவெளியில சொல்லப் பிரிக்கிற ஸ்பிளிட் (split) போடுங்க, அடைப்புக்குள்ள ஒண்ணும் குடுக்காதீங்க, அப்பதான் ரெண்டு ஸ்பேஸ், புது வரி எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்டிரிப் (strip) போட்டு ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற கமா, முற்றுப்புள்ளி, மேற்கோள் குறிய கழட்டணும், இல்லாட்டி தேயிலை வேற, கமாவோட தேயிலை வேறன்னு எண்ணிடும். வளைஞ்ச மேற்கோள் குறி, பைத்தன் தர்ற குறிப் பட்டியலான ஸ்ட்ரிங் பங்சுவேஷன்ல (string.punctuation) இல்ல, அத நீங்களேதான் சேக்கணும்.

எண்ணுறதுக்கு ஒரு காலி டிக்ஷனரி (பேருக்கு நேரா ஒரு மதிப்ப வச்சிருக்கிற பட்டியல்) எடுங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல கணக்கப்பிள்ளை பேருக்கு நேரா கிலோவ எழுதுற மாதிரித்தான், சொல்லு பேரு, எண்ணிக்கை கிலோ. பேரே இல்லாத ஆளுக்கு நேரா கூட்டப் போனா, பேரு இல்லன்னு கீ எரர் (KeyError) அடிக்கும், அதனால கெட் (get) போட்டு, அந்தச் சொல் இல்லாட்டி சைபர்னு எடுத்து ஒண்ணக் கூட்டுங்க. கலெக்ஷன்ஸ் மொடியூல்ல இருக்கிற கவுண்டர் (Counter) இதையே ஒரே வரியில செஞ்சிடும், மோஸ்ட் கொமன் (most_common) 10னு கேட்டா வரிசையா தந்துடும், ஆனா எக்ஸாமுக்குப் படிக்கிற நீங்க மொதல்ல லூப் போட்டு எழுதிப் பழகுறதுதான் நல்லதுன்னு நான் உறுதியா சொல்லுவேன்.

இன்னும் ஒரு விசயம், இது நெறைய பேருக்குத் தெரியாது. "கொழுந்து"ல உள்ள கொ ரெண்டு விதமா பதிவாகியிருக்கலாம், ஒகரக் குறி ஒண்ணாவும் இருக்கும், இல்லாட்டி ஒத்தக் கொம்பும் காலும் தனித்தனியாவும் இருக்கும், பழைய பொண்ட்ல இருந்து மாத்தின பைல்ல இப்பிடி வரும். பாக்க ஒரே மாதிரித்தான், ஆனா லென் ஒண்ணுல 8, மத்ததுல 9, அதனால ரெண்டு சொல்லா எண்ணிடும். யூனிகோட்டேட்டா (unicodedata) மொடியூல்ல நோர்மலைஸ் (normalize) இருக்கு, அதுல பிரிஞ்ச குறிய ஒண்ணா சேக்கிற என்எப்சி (NFC) குடுத்துட்டு எண்ணத் தொடங்கினா ரெண்டும் ஒண்ணாயிரும்.

போன்ல ஓடினது ஸ்கூல் லேப் விண்டோஸ்ல ஓடாட்டி பதறாதீங்க, பைலத் தெறக்கிற ஓப்பன்ல (open) என்கோடிங் (எழுத்தப் பதிவு செய்ற முறை) யூடிஎப் 8னு (utf-8) குடுங்க. இல்லாட்டி அது பழைய இங்கிலீஸ் என்கோடிங்ல தெறக்கப் பாக்கும், புள்ளி வச்ச எழுத்து வந்த ஒடனேயே எரர்தான்.

தேயிலை, தேயிலையை, தேயிலைக்கு மூணும் தனித்தனியாத்தான் வரும், சேர் கேட்டதுக்கு அது போதும், வேர்ச்சொல்லப் பிரிக்கிறது வேற பெரிய வேலை. மொதல்ல மூணு வரி மட்டும் போட்டு, கையால எண்ணி, விடை ஒத்துவருதான்னு பாத்துட்டு முழுப் பந்தியையும் குடுங்க.