பதின்ம வயதினருக்கு ஓர் இணைய இதழ்

கேள்வி: 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்காக நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஓர் இணைய இதழை நடத்தி வருகிறோம். கட்டுரைகள் தரமாகவே வருகின்றன. ஆனால் படிப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் ஆசிரியர்களும்தான். எங்கே தவறுகிறோம்?

பதில்: பெற்றோர் விரும்பிப் படிக்கிறார்கள் என்றால், இதழ் அவர்கள் குரலில் பேசுகிறது என்றே நினைக்கிறேன். உங்கள் தலைப்புகளை வரிசையாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 'தேர்வு பயத்தை வெல்வது எப்படி' என்ற கட்டுரையை அம்மாதான் மகளுக்கு அனுப்பிவைப்பார். மகள் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். வினாத்தாளைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வியே கண்ணில் ஏறாமல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த ஒரு மாணவி அதே அனுபவத்தைத் தானே எழுதினால், அவள் வயதுடையவர்கள் அதைத் தேடிப் படிப்பார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த டாவி கெவின்சன் 2011-இல் 'ரூக்கி' என்ற இணைய இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. மாதத்திற்கு ஒரு மையப்பொருள் வைத்துக்கொண்டு, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, இரவு உணவு நேரத்தில் ஒன்று, தூங்காமல் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்று எனப் படைப்புகளை வெளியிட்டார்கள். வாசகரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று உள்ளிருந்து அறிந்தவர்களுக்கே இப்படி ஓர் அட்டவணை தோன்றும். ஆகவே உங்கள் ஆசிரியர் குழுவில் அந்த வயதினர் இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரளவுக்கு அல்ல, ஒரு கட்டுரையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு.

வருவாயையும் இப்போதே யோசித்துவிடுங்கள். செலவைத் தாங்க முடியாமல்தான் 'ரூக்கி' 2018-இல் நின்றது. வாசகரைப் பின்தொடர்ந்து காட்டப்படும் விளம்பரங்களை நம்பி இறங்க வேண்டாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களைத் தடுக்கிறது. அமெரிக்கச் சட்டம் 13 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சந்தாவோ நன்கொடையோ மெதுவாகத்தான் வரும். ஆனாலும் எனக்கு அதுவே நேர்மையான வழியாகப் படுகிறது.

கேள்வி: 15 வயதில் தன் குடும்பச் சண்டைகளைப் பற்றி எங்கள் இதழில் எழுதிய ஒருவர், இப்போது அதை நீக்கச் சொல்கிறார். வெளியானதை நீக்குவது இதழியல் நெறிக்குப் பொருந்துமா?

பதில்: நீக்கிவிடுங்கள், காரணம் கேட்காமல். பெரியவர் ஒருவர் எழுதியதை நீக்கக் கோரினால் நானும் தயங்குவேன். ஆனால் இணையத்தில் ஒரு பெயர் எத்தனை ஆண்டுகள் தேடலில் மேலே வந்து நிற்கும் என்பதை 15 வயதில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாம். ஐரோப்பாவில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளும், சிறு வயதில் தந்த விவரங்களை அழிக்கக் கோரும் உரிமையைத் தனியே வலியுறுத்துகின்றன.

பக்கத்தை எடுத்தால் மட்டும் போதாது. சமூக வலைத்தளங்களில் நீங்கள் பகிர்ந்த படத்தையும், தேடுபொறியில் தங்கியிருக்கும் பழைய பிரதியையும் நீக்கக் கோருங்கள். இனி வரும் படைப்புகளில் பள்ளியின் பெயர், வகுப்பு, சீருடைப் படம் மூன்றையும் எடுத்துவிட்டே வெளியிடுங்கள். குடும்பத்தைப் பற்றியோ உடல்நலத்தைப் பற்றியோ எழுதியிருந்தால், புனைபெயர் வேண்டுமா என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். அந்த வயதில் அவர்களாகக் கேட்கத் தயங்குவார்கள்.