பழைய கொம்பியூட்டரில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் இரண்டுமே தெரியவில்லை, ஏன்?

கல்முனையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் டிஸ்க் பழுதாகியிருக்காது. ஒரே ஐடிஈ கேபிளில் (பழைய டிஸ்க்குகளை மதர்போர்டோடு இணைக்கும் பட்டையான கேபிள்) இரண்டும் மாஸ்டராக, அதாவது முதல் டிஸ்க்காக, இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். டேட்டா கேபிளுக்கும் பவர் வயருக்கும் நடுவில் சின்ன ஜம்பர், அதாவது இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடி, இருக்கும். விண்டோஸ் உள்ளதை மாஸ்டராகவும் மற்றதை ஸ்லேவாகவும் (இரண்டாவது டிஸ்க்காகவும்) மாற்றுங்கள். ஜம்பரை எந்த ஊசியில் மாட்டுவது என்பது டிஸ்க்கின் லேபிளிலேயே இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனியின் டிஸ்க் என்றால் கவனம்: தனியாக இருக்கும்போது ஜம்பருக்கு ஒரு நிலை, ஸ்லேவ் சேர்ந்தால் வேறு நிலை.

80 இழைக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. கடற்கரை ஊர் அல்லவா, ஊசிகளில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைப் பழைய பயாஸ் (கொம்பியூட்டரைத் தொடங்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருள்) முழுதாகக் காட்டாமல் விடலாம்.