புது சாக்கெட் மதர்போர்டு: உடனே வாங்கலாமா, பொறுக்கலாமா?

காட்பாடியில் படிக்கும் தம்பி, புது சாக்கெட் (பிராசசரைப் பொருத்தும் இடம்) கொண்ட புதுத் தலைமுறை மதர்போர்டு கடைக்கு வந்திறங்கியதுமே அதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரம் இல்லையென்றால் ஆறு மாதம் பொறுங்கள் என்பேன்.

முதல் சிக்கல் பயாஸ், அதாவது கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகள் 2022 செப்டம்பரில் வந்தபோது, டிடிஆர்5 ரேமோடு (புதுவகை நினைவகம்) ஒத்துப்போகப் பழகவே, முதல்முறை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள் பிடித்தன. திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு செத்துவிட்டது என்று பயந்தவர்கள் பலர். 2023 ஏப்ரலில் அந்த போர்டுகளில் பொருத்திய சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் கருகியதாகச் செய்தி வந்தது. அப்புறம்தான் பிராசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் பயாஸ் வந்தது.

ஆனால் எல்லாவற்றையும் பயாஸால் சரிசெய்ய முடியாது. 2011 ஜனவரியில் இன்டெல் தன் 6 சீரீஸ் சிப்செட்டின் (போர்டில் மற்ற பாகங்களைப் பிராசசரோடு இணைக்கும் சிப்) விநியோகத்தையே நிறுத்தியது. அதன் 3 ஜிபிபிஎஸ் வேக சாட்டா போர்ட்டுகள் (ஹார்ட் டிஸ்க் செருகும் இடங்கள்) நாளாக ஆகத் தேய்ந்துபோகும் என்று தெரியவந்தது. தீர்வு? சிப்பையே மாற்றுவதுதான்.

வேலூரில் இன்னொரு தொல்லை: பழுதான போர்டைச் சரிசெய்யச் சென்னைக்கு அனுப்ப வேண்டி வந்தால், திரும்பி வரும்வரை உங்கள் புராஜெக்ட் அம்போ. மாற்று போர்டு கடையில் இருக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

பொறுக்கவே முடியாதா? சரி, பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவில் பயாஸ் ஏற்றும் வசதியுள்ள போர்டாகப் பாருங்கள். ரேமை அந்த போர்டின் ஆதரவுப் பட்டியலில் இருந்தே எடுங்கள். பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி மேல், சூட்டை வெளியேற்றும் நல்ல ஹீட்சிங்க் இருக்கட்டும். நம்மூர் மே மாதம் உங்களுக்குத் தெரியாததா!